வைத்தியர் வீட்டு மருமகளின் தோள்

நான் வாழ்க்கைப்பட்டுத் தூத்துக்குடிக்கு வந்தபோது யுத்தம் நடந்துகொண்டிருந்தது. அரிசிக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை. எங்கள் வீட்டு வாசலிலும் விடிந்ததிலிருந்து ஒரு வரிசை நிற்கும். என் மாமனார் எலும்பு முறிவு வைத்தியர். அந்தக் காலத்தில் பெரிய கப்பல்கள் கரையை ஒட்டி வராது. தொலைவில் கடலுக்குள்ளேயே நிற்கும். சரக்கைத் தோணிகளில்தான் கொண்டுபோய் ஏற்ற வேண்டும், தோணிகளில்தான் இறக்கிக்கொண்டு வர வேண்டும். பஞ்சுப் பொதி சரிந்து கால் நசுங்கியவர்களும் கயிறு சுண்டி விரல் தெறித்தவர்களும் வராத நாளே கிடையாது. பனையிலிருந்து விழுந்தவர்களை மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பிக் கொண்டுவருவார்கள். அலறிக்கொண்டு உள்ளே போகிறவன் சற்று நேரத்தில் வேர்த்துப்போய், ஆனால் அலறாமல், வெளியே வருவான். வைத்தியர் கை பட்டால் எலும்பு சொன்னபடி கேட்கும் என்று ஆத்தூர் வரைக்கும் பேச்சு.

என் கணவருக்கு ரத்தத்தைப் பார்த்தாலே தலை சுற்றும். அப்பாவின் தொழில் தனக்கு வராது என்று சின்ன வயசிலேயே தெரிந்துகொண்டு, கப்பல் ஏஜெண்டு கம்பெனி ஒன்றில் குமாஸ்தாவாகச் சேர்ந்துவிட்டார். நல்ல மனுஷர்தான். ஆனால் அப்பா முன்னால் நின்று ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச மாட்டார்.

கல்யாணமான மறு வருஷம், தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வரும்போது பாசிக்கல்லில் வழுக்கினேன். பித்தளைக் குடத்தை விட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. குடம் நசுங்கிவிடுமே என்று இறுக்கிப் பிடித்தேன். குடமும் நானும் சேர்ந்து வலது பக்கமாக விழுந்தோம். எழுந்தபோது தோள் இருந்த இடத்தில் ஒரு பள்ளம் இருந்தது. கை எனக்குச் சொந்தமில்லாத ஒன்றைப்போலத் தொங்கியது. இரண்டு பெண்கள் என்னைத் தாங்கி வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள்.

மாமனார் உள்வாசலில் நின்றபடி ஒரு தடவை பார்த்தார். "தோள்பூட்டு விலகிட்டு," என்றார் என் மாமியாரிடம். என்னிடம் அவர் நேராகப் பேசுகிற வழக்கம் கிடையாது. நானும் அவர் எதிரே நின்று பேசியதில்லை. மருமகளைத் தொடுவது என்பது நினைத்தே பார்க்க முடியாத காரியம். வேறு வைத்தியரிடம் அனுப்பவும் முடியாது. இவர் வீட்டிலிருந்து இன்னொருவரிடமா?

"உள் அறையில படுக்க வை," என்றார். "நீ பக்கத்துல உக்காந்து ஒன் குதிகாலை அவ கக்கத்துல குடு."

"நானா? மருமவ மேல காலையா?" என்றாள் அத்தை.

"பின்ன நானா குடுக்க முடியும்?"

என் மணிக்கட்டில் ஒரு துண்டைச் சுற்றச் சொன்னார். அத்தை சுற்றினாள். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, என் தோலில் விரல் படாமல், அந்தத் துண்டின் முனையை மட்டும் பிடித்தார். அவசரமில்லாமல், கிணற்றுக் கயிற்றை இழுப்பதுபோல, ஒரே சீராக இழுத்தார். அத்தையின் குதிகால் விலாவில் அழுந்தியது. உயிர் போகிறது என்று நினைத்த நொடியில் உள்ளே 'கடக்' என்று ஒரு சத்தம். வலி போன இடம் தெரியவில்லை. நான் அழுதது அப்போதுதான், நிம்மதியில். மாமனார் துண்டை விட்டுவிட்டுத் திரும்பிப் பாராமல் வெளியே போனார். உளுந்து மாவும் முட்டை வெள்ளையும் குழைத்துப் பற்றுப் போட்டு, கையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டச் சொன்னார். கட்டியதும் அத்தைதான்.

அந்தக் கட்டு நிலைக்கவில்லை. நாத்தனார் பேறுகாலத்துக்கு வந்திருந்தாள். வீட்டில் பத்துப் பேருக்கு உலை வைக்க வேண்டும். "ஒத்தக் கையால என்னத்தளா செய்வ? இனிமே அவுக்கலாம்," என்று அத்தையே அவிழ்த்துவிட்டாள். அடுப்படியில் பரண்மேல் இருந்த சுளகை எட்டி எடுத்தபோது தோள் மறுபடி விலகியது. அதற்குப் பிறகு அதற்குக் காரணமே வேண்டியதில்லை. புரண்டு படுத்தால் விலகும். கொடியில் ஈரச் சேலையை வீசினால் விலகும். ஒவ்வொரு தடவையும் அதே உள் அறை, அதே துண்டு, அதே குதிகால். ஒவ்வொரு தடவையும் அதே நிம்மதி. இதுதான் என்னைக் குழப்பியது. மாமனார் என்னைக் கைவிட்டார் என்றும் சொல்ல முடியாது. என்னை வலியிலிருந்து மீட்டதே அவர்தான். ஆனால் மீட்ட இடத்தில் என்னால் நிலைத்து நிற்க முடியவில்லை.

வெளியே தெரியக் கூடாது என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. சொல்லவும் தேவையிருக்கவில்லை. முன் அறையில் ஊர்க்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் ஒரு சுவர்தான். தோள் விலகினால் முந்தானையைச் சுருட்டி வாயில் திணித்துக்கொள்வேன். அத்தை போய், "இங்கன கொஞ்சம் வந்துட்டுப் போங்க," என்று சாதாரணமாகச் சொல்லுவாள். மாமனார், "இந்தா வாரேன், அப்படியே இரு," என்று யாரோ ஒருவர் காலைத் தலையணைமேல் வைத்துவிட்டு உள்ளே வருவார். இழுப்பார். போவார். முன் அறையில் அவர், "கட்டு மட்டும் அவுக்காம இருந்தா பூட்டு ஜென்மத்துக்கும் விலகாது," என்று யாருக்கோ சொல்வது காதில் விழும். அது எனக்கும் சேர்த்துச் சொன்னது என்று தெரியும்.

பெண் குழந்தை பிறந்தது. அதை இடுப்பில் வைக்க இடது கை, தொட்டிலிலிருந்து தூக்க இடது கை. வலது கையை உடம்போடு ஒட்டியே வைத்திருப்பேன். நடக்கும்போதுகூட வீச மாட்டேன். உறங்கும்போது முந்தானையால் கையை இடுப்போடு கட்டிக்கொள்வேன். விலகுகிற வலியைவிட, இப்போது விலகுமோ, இப்போது விலகுமோ என்று இருந்த நாட்கள்தான் கொடுமை. சிரித்தால்கூடப் பாதியில் நிறுத்திவிடுவேன்.

குழந்தை தவழத் தொடங்கியபோது மாமனார் அத்தை மூலமாகச் சொல்லி அனுப்பினார்: இந்தத் தடவை ஒழுங்காகக் கட்டிவிடலாம், ஒரு மண்டலம் முழுக்கக் கட்டை அவிழ்க்கவே கூடாது. சம்மதித்தேன். உள் அறையிலேயே இருந்தேன். அந்த அறைக்கு ஒரு சன்னல்தான், அதுவும் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தபடி. வெயில் காலம். பற்று காய்ந்து தோலை இழுக்கும். கட்டுக்குள் வேர்க்குரு பொரிந்து, சொறிய முடியாமல் சுவரில் முதுகைத் தேய்ப்பேன். முட்டை நாற்றம் தாளாமல் என் பிள்ளையே என்னிடம் வராமல் அத்தையிடம் தவழ்ந்து போனது. மில் சங்கு ஊதுவதை வைத்துத்தான் பொழுது தெரியும். கட்டை அவிழ்த்த அன்று கை குச்சிபோல இருந்தது. ஆனால் விலகவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம். விலகவில்லை.

கை நின்றால் திருச்செந்தூருக்கு வருகிறேன் என்று அத்தை நேர்ந்திருந்தாள். நான், என் கணவர், அத்தை, பிள்ளை என்று எல்லாரும் போனோம். கூட்டத்தில் நெருக்கி அடித்துச் சன்னிதி முன்னால் வந்தபோது எல்லாரும் "முருகா" என்று தலைக்குமேல் கை குவித்தார்கள். நானும் என்னை மறந்து இரண்டு கையையும் தூக்கினேன்.

அங்கே முந்தானையை வாயில் திணிக்க எனக்கு நேரமில்லை. அலறிவிட்டேன். கூட்டம் விலகி வட்டமாக நின்றது. ஒரு அம்மாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இது தூத்துக்குடி வைத்தியர் மருமவல்லா?" என்றாள். இன்னொருத்தி, "வைத்தியர் வீட்டுலயே கை நிக்கலயா!" என்றாள். என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். பெட்ரோல் இல்லாமல் கரிப்புகையில் ஓடிய யுத்த காலத்து பஸ். வழியில் ஏற்றம் வந்தால் திணறி நின்றுவிடும். தோள் இல்லாத கையை மடியில் வைத்துக்கொண்டு தூத்துக்குடி வரைக்கும் வந்தேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் கண் இருட்டியது. வீட்டில் துண்டும் குதிகாலும் காத்திருந்தன.

யுத்தம் முடிந்து பட்டாளத்திலிருந்து திரும்பிய டாக்டர் ஒருவர் அப்போது ஊரில் ஆஸ்பத்திரி வைத்திருந்தார். குழந்தைக்குச் சளி என்று சொல்லி என் கணவர் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அவர் செய்த முதல் துணிச்சலான காரியம் அது. போகும் வழியெல்லாம் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

டாக்டர் கையை மெதுவாக அசைத்துப் பார்த்தார். "எத்தனை தடவை விலகியிருக்கு?"

"எண்ணலைங்கய்யா," என்றேன்.

"யாரு போட்டுவிட்டது?"

நான் கணவரைப் பார்த்தேன். அவர் குழந்தையைப் பார்த்தார். "எங்கப்பாதான்," என்றார்.

"நல்லாத்தான் போட்டிருக்கார். நானும் அப்படித்தான் போடுவேன். ஆனா ஒவ்வொரு தடவையும் உள்ளே இருக்கிற சவ்வு கிழிஞ்சு தளர்ந்துபோச்சு. இனி எவ்வளவு நாள் கட்டினாலும் ஒட்டாது. மதுரையில எனக்குத் தெரிஞ்ச சர்ஜன் ஒருத்தர் இருக்கார். தளர்ந்ததை இழுத்துச் சேர்த்துத் தைப்பார். அதுக்கப்புறம் அநேகமா விலகாது." என் கையை மெல்ல மடியில் இறக்கி வைத்தார். "ஆனா கை முன்னமாதிரி மேலே போகாது. காய்ச்சல், சீழ்னு எதுவும் வராதுன்னும் நான் சத்தியம் பண்ண முடியாது."

"சடை பின்ன முடியுமாய்யா?" என்று கேட்டேன்.

அவர் யோசித்தார். "அதை நான் யார்கிட்டேயும் கேட்டதில்லையேம்மா. பட்டாளத்துல எல்லாரும் ஆம்பளைங்க."

வீட்டுக்கு வந்து நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை. "அப்பா மொகத்துல நான் எப்படி முழிக்க?" என்றார் கணவர். திருச்செந்தூர் விஷயம் ஊருக்குத் தெரிந்து, வாசலில் ஆள் குறையத் தொடங்கியிருந்தது. இந்த நேரத்தில் மருமகள் கத்தி வைத்துக்கொள்ள மதுரைக்குப் போனாள் என்றால், அத்தோடு முடிந்தது. எங்கள் எல்லாருக்கும் சோறு போட்ட கை அது. எனக்கும் அது தெரியும். போனால் அவரைத் தெருவில் நிறுத்தியதுபோல. போகாவிட்டால் இந்த உள் அறைதான், கடைசி வரைக்கும். அங்கே போய்க் கை வீணாகிவிட்டால், வீணான கையோடு இதே வீட்டுக்குத்தான் திரும்பி வர வேண்டும். எந்தப் பக்கம் நினைத்தாலும் சுவரில் போய் முட்டியது. மாதங்கள் இப்படியே போயின.

ஒரு நாள் அத்தை ஒரு சாவு வீட்டுக்குத் துட்டி கேட்கப் போயிருந்தாள். பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்து, காலை நீட்டி உட்கார்ந்து, அதைக் கால்மேல் கிடத்தி வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். எல்லாம் இடது கையால்தான். பிள்ளை துள்ளிப் புரண்டது. விழுந்துவிடுமே என்று வலது கை தானாக நீண்டது. தோள் விலகியது. கை பட்டு வெந்நீர்ப் பானை சாய்ந்தது. எண்ணெய் வழுக்கலில் பிள்ளை என் காலிலிருந்து கல்தரையில் உருண்டு, கொதிநீர் ஓடுகிற பக்கமாகவே போயிற்று. எப்படி அதன் காலைப் பிடித்து இழுத்தேன் என்று எனக்குத் தெரியாது. பிள்ளைக்கு முழங்கையில் ஒரு கொப்புளம், அவ்வளவுதான். என் தொடை வெந்துபோயிருந்தது. அது எனக்கு உறைக்கக்கூட இல்லை. பிள்ளையைக் கட்டிக்கொண்டு அத்தை வருகிறவரைக்கும் ஈரத்திலேயே கிடந்தேன். முன் அறையில் மாமனாரின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் அவர் என்ன செய்வார்? குதிகால் கொடுக்க ஆள் இல்லையே. அத்தை வந்த பிறகுதான் துண்டும் குதிகாலும் கிடைத்தன.

அன்று சாயங்காலம் மாமனார் சாப்பிட உட்கார்ந்தார். அத்தை சோற்றைப் போட்டுவிட்டு நின்றுகொண்டே சொன்னாள்.

"நான் இனிமே கால் வைக்க மாட்டேன்."

"என்ன சொல்லுத?"

"வீட்டுக்கு வந்த லட்சுமிய மிதிக்கக் கூடாதுன்னு எங்க ஆத்தா சொல்லி வளத்தா. நான் எத்தன தடவ மிதிச்சிட்டேன். இனிமே நீங்க ஒங்க கால வைங்க. இல்லாட்டா அவள மதுரைக்கு அனுப்புங்க."

மதுரை என்ற பேச்சு அவளுக்கு எப்படித் தெரியும் என்று எனக்குப் புரியவில்லை. மகன் சொல்லியிருக்க வேண்டும்.

"கத்தி வைக்கவா? அவ செத்துகித்துப் போயிட்டா யாரு பதில் சொல்ல?"

"அந்தப் பிள்ள இன்னைக்கு வெந்நில வெந்திருந்தா யாரு பதில் சொல்லுவா?"

மாமனார் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். வாயில் வைக்கவில்லை. "போன்னு என் வாயால சொல்ல மாட்டேன்," என்றார். "போகாதேன்னும் சொல்லல." கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார்.

அவர் போ என்றிருந்தால் போயிருப்பேன். வேண்டாம் என்றிருந்தால் விதி என்று இருந்திருப்பேன். இப்போது அது என் தலையில் வந்து விழுந்தது. கணவரோ, "நீ என்ன சொல்லுதயோ அதான்," என்றார். இத்தனை நாள் எனக்காக எல்லாரும் முடிவு செய்தார்கள் என்று குமைந்தவள், முடிவு என் கைக்கு வந்ததும் நடுங்கிப்போனேன். பிள்ளையின் முழங்கைக் கொப்புளத்துக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோதுதான் தெளிந்தது. மறுநாள் காலையில் முன் அறை வாசல்வரை போய் நின்றேன். அவர் ஒரு பெரியவரின் கணுக்காலுக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"மாமா, நான் மதுரைக்குப் போயிட்டு வாரேன்."

அவரிடம் நேராக நான் பேசிய முதல் வார்த்தை. அந்தப் பெரியவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மாமனார் தலை நிமிராமல், "ம்," என்றார்.

மணியாச்சியில் ரயில் மாறி மதுரைக்குப் போனோம். மூக்கில் துணியை வைத்து மயக்க மருந்தைச் சொட்டும்போது, மூச்சு முட்டி, என் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கத்தினேன் என்று நர்ஸ் பிறகு சொன்னாள். கண் விழித்தபோது கை நெஞ்சோடு கட்டப்பட்டிருந்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. கட்டுக்குத் தப்பி வந்தவளுக்கு இங்கேயும் கட்டுத்தான். காய்ச்சல் அடித்தது. தையலில் நீர் கோத்தது. கையை எடுத்துவிடுவார்களோ என்று ஒவ்வொரு காலையும் டாக்டரின் முகத்தைப் படித்தேன். மெல்லத் தணிந்தது. கட்டை அவிழ்த்த பிறகு சுவரில் விரலை ஊன்றி மேலே நடத்திப் பழகச் சொன்னார்கள். விரல் தோள் மட்டம் வரைக்கும் ஏறியது. அங்கே நின்றது. அழுதுகொண்டே ஏற்றிப் பார்த்தேன். அதற்குமேல் போகவில்லை. இன்றைக்கும் போகவில்லை.

வீட்டுக்கு வந்தபோது என் கையை யாரிடமும் காட்டவேண்டியிருக்கவில்லை, ஊருக்கே தெரிந்திருந்தது. குழாயடியில் பெண்கள் வெளிப்படையாகவே ரவிக்கையை விலக்கித் தழும்பைப் பார்த்தார்கள். தலைமுடியை இடது கையால் அள்ளி முடிகிற கொண்டைதான் எனக்கு முடிந்தது; சடை போட்டுக்கொள்வதை விட்டுவிட்டேன். கொடியில் துணி போட முக்காலி வேண்டும். ஆனால் பிள்ளையை இரண்டு கையாலும் தூக்கினேன். முதல் தடவை தூக்கியபோது அதற்கே பழக்கமில்லாமல் நெளிந்தது.

மாமனார் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நான் எதிரே வந்தால் முன்னைவிட வேகமாக விலகிப் போனார். வாசல் வரிசை பாதியாகிவிட்டது. அது என்னால்தான் என்று யாரும் சொல்லாதது, சொல்லியிருந்தால் இருந்திருக்கும் வலியைவிட மோசமாக இருந்தது. தோள் விடுபட்டது, வீட்டுக்குள் நான் விடுபடவில்லை.

அந்த வருஷம் மழைக்காலத்தில் ஒரு நாள், தோணிக்காரர் ஒருவரை இரண்டு பேர் தாங்கிக் கொண்டுவந்தார்கள். அடுப்படியில் இருந்தே அந்த முனகலைக் கேட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது. தோள்தான். மாமனார் தன் குதிகாலையே கொடுத்து இழுத்தார். 'கடக்.' அந்த ஆள் பெரிதாக மூச்சுவிட்டார்.

"இதுக்கு முன்ன விலகியிருக்கா?" என்று மாமனார் கேட்பது கேட்டது.

"ரெண்டு மூணு தடவ, அண்ணாச்சி."

"நான் கட்டுதேன். இதுல நின்னா சரி. இன்னொரு தடவ வந்துட்டுன்னா என்கிட்ட வராத. மதுரைக்குப் போ."

"கத்தி வப்பாகளே?"

"வப்பாக. எங்க வீட்டுப் பிள்ள போயிட்டு வந்துருக்கு. அதுக்கப்புறம் விலகல. ஆனா கை தோளுக்கு மேல ஏறாது, அதையும் சொல்லிருதேன். பாய்க்கயிறு இழுக்க முடியாது. கொடில துணி போட அந்தப் பிள்ள முக்காலில ஏறுது. ரெண்டையும் யோசிச்சுக்கோ. நீதான் யோசிக்கணும்."

நான் கொதிக்கிற உலையை இறக்காமல் நின்றுகொண்டிருந்தேன். திரும்பிக்கூடப் பார்க்காதவர் என்று நினைத்தவர், முக்காலியைப் பார்த்திருக்கிறார். அந்தத் தோணிக்காரர் மதுரைக்குப் போனாரா, போகவில்லையா என்று எனக்குத் தெரியாது. அவர் பிறகு எங்கள் பக்கம் வரவில்லை. அன்று சாயங்காலம் மாமனாருக்குச் சோறு போட்டது நான். அத்தை பிள்ளையை உறங்கவைக்கப் போயிருந்தாள். "கொஞ்சம் ரசம் விடு," என்றார், இலையைப் பார்த்தபடி. விட்டேன்.